பதினேழாம் எண் செடி

செடி ஒரு ஜாண் தள்ளி நின்றது.

ஈரத்துணியைக் கொடியில் போட்டுக்கொண்டிருந்த கவேஹி முதலில் தன் கண்ணைத்தான் சந்தேகப்பட்டாள். மூன்று மாதமாகச் சரியான தூக்கம் இல்லாதவளுக்குக் கண் எதை வேண்டுமானாலும் காட்டும். கையிலிருந்த குழந்தைச் சட்டையை உதறிப் போட்டுவிட்டுக் கிட்டே போய்க் குனிந்தாள். புருஷன் நைனோவா கடற்கரையிலிருந்து பொறுக்கி வந்து வட்டமாகப் பதித்த ஒன்பது கருங்கற்களும் பதித்த இடத்திலேயே இருந்தன. நடுவில் நட்ட செடிதான் வட்டத்தைத் தாண்டி வெளியே, வீட்டுப் பக்கமாக நின்றது. நட்ட இடத்தில் செம்மண் பொலபொலவென்று கிடந்தது, கோழி கிளறிவிட்ட மாதிரி.

அவர்களுடைய தீவில், ஹோலெஹுவா ஊரில், காற்று ஓய்ந்த நாள் கிடையாது. மேட்டு நிலம் முழுக்கச் செம்புழுதியை வாரிக்கொண்டு, சவுக்கு மரங்களைச் சீண்டி அழவிட்டு, தகரக் கூரையின் தளர்ந்த ஆணி ஒன்றைத் தேடிப் பிடித்துத் தட்டிக்கொண்டே இருக்கிற அந்தக் காற்றில், செடியின் தண்டில் கம்பியால் கட்டியிருந்த அலுமினியத் தகடு ஆடி ஆடிப் பக்கத்துக் கல்லில் மோதிக்கொண்டிருந்தது. டிக். டிக். தகட்டில் 17 என்று பொறித்திருந்தது.

மதியம் நைனோவா சாப்பிட வந்தபோது சொன்னாள். அவன் வாய் நிறையச் சோறும் கருவாடுமாகச் சிரித்தான்.

"அது பேரே மாவோ ஹாவ் ஹெலே. ஹெலேன்னா நட. நடக்காம என்ன பண்ணும்?"

"வெளையாடாத. கல்லு அங்க இருக்கு, செடி இங்க இருக்கு."

"கெளை சாயும். தரையைத் தொட்ட எடத்துல வேர் விடும். பழைய தண்டு காஞ்சு போயிரும். பாக்குறவனுக்கு நடந்த மாதிரி இருக்கும். அந்தக் காலத்து ஆளுங்க அதைத்தான் அப்படிச் சொன்னாங்க."

"காஞ்ச தண்டு எங்க? நான் தேடிட்டேன். ஒரு குச்சிகூட இல்ல."

"மான் தின்னுருக்கும்," என்றான். அவனிடம் எதற்கும் ஒரு பதில் இருக்கும்.

அவன் வேலை பார்ப்பது அபூர்வச் செடிகளை வளர்த்துக் காட்டில் திரும்ப நடுகிற நாற்றுப்பண்ணையில். மேற்கு மேட்டில் கடைசியாக நின்ற ஒரே ஒரு மாவோ புதரிலிருந்து விதை எடுத்து முளைக்க வைத்த இருபது கன்றுகளில் பதினேழாவதை, பட்டுப்போய்விட்டது என்று பண்ணையில் எழுதிவிட்டு, வண்டியின் பின்னால் சாக்குப் போட்டு மூடிக் கொண்டுவந்துவிட்டான். வெளியே தெரிந்தால் வேலை போகும். மகள் பிறந்த சந்தோஷத்தில் செய்தது. ஆஸ்பத்திரியில் கேட்டு வாங்கி வந்த நஞ்சுக்கொடி வனிலா ஐஸ்க்ரீம் டப்பாவுக்குள் நான்கு வாரம் குளிர்பெட்டியில் கிடந்தது. அதை அந்தக் கன்றுக்கு அடியில் புதைத்தான். "உலகத்துலயே கொஞ்சம்தான் இருக்கு. அதுல ஒண்ணு என் பொண்ணோடது," என்று மண்ணைத் தட்டிவிட்டபோது அவன் கண் கலங்கியிருந்தது. கவேஹிக்கும்தான்.

மறுநாள் கனோயே வந்தாள். நைனோவாவின் அக்கா. நாற்பத்தாறு வயது, பிள்ளை இல்லை, புருஷனும் இப்போது இல்லை. தனியாகப் படகெடுத்து மீன் பிடிக்கிற கை அவளுக்கு. வண்டி இருக்கைக்குப் பின்னால் எப்போதும் ஒரு நீளக் கத்தி கிடக்கும், முள் புதரோ மீன் தலையோ, முதலில் வெட்டிவிட்டுத்தான் அப்புறம் பேசுவாள். ஆனால் தம்பி வீடானாலும் முறை தவறமாட்டாள். வாசல் கம்பத்தருகில் நின்று குரல் கொடுப்பாள். உள்ளேயிருந்து 'ஹெலே மாய்' என்று கூப்பிட்டால்தான் கால் எடுத்து வைப்பாள்.

"ஹெலே மாய்! வாங்க அக்கா, சாப்பிடலாம்," என்று கவேஹி கூப்பிட்டாள். அந்த ஊரில் வாசலில் யார் நின்றாலும் வாய் தானாகச் சொல்கிற வார்த்தை அது.

கனோயே உள்ளே வந்து மீன் பையை மேசையில் போட்டுவிட்டு, நேரே தொட்டிலுக்குப் போனாள். குழந்தை மாலியே கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"என்னடி, அழுகைச் சத்தமே காணோம்? போன மாசம் என் வீட்டுக்குக் கேட்டுது."

"பத்துப் பன்னெண்டு நாளா அழறதில்ல."

"சிரிச்சாளா?"

கவேஹி திரும்பிச் சிங்க்கில் கிடந்த தட்டைக் கழுவத் தொடங்கினாள். மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தையும் சிரிக்கும். மாலியேயின் முகத்துக்கு நேரே நின்று நாக்கை நீட்டி, கை தட்டி, பாட்டுப் பாடி, குரங்குச் சேட்டை எல்லாம் செய்து பார்த்துவிட்டாள். மாலியே அவளை ஊடுருவி, அவளுக்குப் பின்னால் இருக்கிற எதையோ பார்ப்பாள்.

"எங்கிட்டக் குடுத்துருந்தா இந்நேரம் கெக்கெக்கேன்னு சிரிச்சிருப்பா," என்றாள் கனோயே. "மொதப் பிள்ளையை எங்க பக்கத்துக்குத்தான் வளக்கக் குடுக்கணும். காலங்காலமா அதான் வழக்கம். நீதான் ஆஸ்பத்திரிக் கட்டில்லயே மாட்டேன்னுட்ட."

"மறுபடி ஆரம்பிக்காதீங்க அக்கா."

"ஆரம்பிக்கல. சொல்றேன். நஞ்சுக்கொடியையும் கொண்டுபோய் நடக்கிற செடிக்கடியில வச்சிருக்கான் என் தம்பி, புத்தி கெட்டவன். ஆளாளுக்குக் கறிப்பலா அடியில வைப்பாங்க, தென்னை அடியில வைப்பாங்க. நிக்கிற மரம். பிள்ளையும் ஊரோட நிக்கும். இது எங்க போகும்னு யாருக்குத் தெரியும்?" குனிந்து குழந்தையின் கன்னத்தைத் தடவினாள். குரல் இறங்கியது. "இன்னிக்குச் சொன்னாலும் வாங்கிக்கிறேன். குடலோட, குடல்ல இருக்கிற பீயோட, பிள்ளை உனக்கேன்னு ஒரு தடவை சொல்லு. போதும்."

கவேஹியின் கையிலிருந்த தட்டு நழுவிச் சிங்க்கில் விழுந்தது.

அந்த வார்த்தையை அவள் ஏற்கெனவே சொல்லியிருந்தாள். கனோயேயிடம் அல்ல.

பன்னிரண்டு நாளைக்கு முன்னால், ஒரு மதியம். விடிந்ததிலிருந்து மாலியே அழுதுகொண்டிருந்தாள், முகம் கன்றிச் சிவக்க, மூச்சு முட்ட முட்ட. பால் கொடுத்தாள், தோளில் போட்டாள், வயிற்றில் எண்ணெய் தடவினாள், ஒன்றும் எடுபடவில்லை. தலை வெடித்துவிடும் போலிருந்தது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் இறங்கியவள் செடியின் முன்னால் போய் நின்றாள். மாவோ மதியம் திரும்பிய பிறகுதான் பூக்கும். அன்றுதான் அதன் முதல் பூ விரிந்திருந்தது. உள்ளங்கை அகல மஞ்சள், நடுத்தொண்டையில் மட்டும் உறைந்த ரத்தம் போன்ற கருஞ்சிவப்பு. காற்றில் தலையாட்டிச் சிரிப்பதாகப் பட்டது அவளுக்கு. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லா சிரி. இந்தா, நீயே வளத்துக்கோ. குடலோட, பீயோட, உனக்கே!" என்று பிள்ளையை அதன் பக்கம் நீட்டினாள்.

அழுகை நின்றுவிட்டது. குழாயை மூடியது போல.

அன்றைக்கு அவள் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பிள்ளை தூங்கியது, அவளும் தூங்கினாள். அது வெறும் அலுப்புப் பேச்சு என்று மறந்தே போனாள். ஆனால் அந்த ஊரில் அது வெறும் பேச்சு இல்லை. சொன்னால் சொன்னதுதான். திரும்பக் கேட்கக்கூடாது. கொடுத்தவளும் வாங்கியவளும் இழுபறி செய்தால் பிள்ளை தாங்காது. கிழக்குக் கரையில் ஒருத்தி அப்படித்தான் கொடுத்த பையனைத் திருப்பித் தூக்கிவந்தாள். எட்டே நாள்.

செடியிடம் நீட்டிய அன்று முதல் மாலியே பால் குடிப்பதும் குறைந்துபோயிருந்தது. முகர்ந்து பார்ப்பாள், இரண்டு வாய் இழுப்பாள், தலையைத் திருப்பிக்கொள்வாள். ஆனாலும் மெலியவில்லை. மருத்துவமனையில் நிறுத்துப் பார்த்த நர்ஸ், "சூப்பரா ஏறியிருக்கா, அம்மா பால் அமிர்தம்," என்று பாராட்டினாள். நாக்கில் படிந்திருந்த மஞ்சளைக் காட்டியதற்கு, பால் படிவு, துடைத்தால் போய்விடும் என்றாள். கவேஹி ஈரத்துணியால் துடைத்தாள். போகவில்லை.

*

வெள்ளிக்கிழமை காலை நைனோவா மூன்று நாள் வேலையாகப் பக்கத்து மாவி தீவுக்குப் போனான். வண்டியை விமான நிலையத்தில் நிறுத்திவிட்டான்.

கிளம்புமுன் கவேஹி கெஞ்சினாள். "அதைப் பிடுங்கிப் பண்ணையிலேயே வச்சுரு. எனக்குப் பயமா இருக்கு."

"பிடுங்குனா செத்துரும். பண்ணைக்குக் கொண்டுபோனா நான் செத்தேன். தூக்கமில்லாததால உனக்கு இப்படி எல்லாம் தோணுது. அக்காவ வரச்சொல்லட்டா?"

வேண்டாம் என்றாள். அக்கா வந்தால் என்ன கேட்பாள் என்று தெரியும்.

அன்று மதியம் செடி துணிக்கொடிக்கு அடியில் நின்றது. இரண்டு பூ. அவள் உற்றுப் பார்த்துக்கொண்டே பத்து நிமிடம் நின்றாள். இலை ஆடியது, தகடு ஆடியது, அவ்வளவுதான். அசையவில்லை. ஆனால் கல்வட்டத்திலிருந்து கொடிவரை செம்மண்ணில் ஒரு கோடு ஓடியது, மண்ணுக்கு அடியில் எலி போன தடம் போல உப்பி, பிளந்து, ஈரமாக. காய்ந்து கிடக்கிற அந்த நிலத்தில் ஈரம். குனிந்து முகர்ந்தாள். பிரசவ அறையின் வாசனை.

மண்வெட்டியை எடுத்தாள். ஓங்கினாள். உள்ளே மாலியே வீறிட்டாள், இத்தனை நாளில் முதல் தடவையாக. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள். தொட்டிலருகே போவதற்குள் அழுகை நின்றிருந்தது. குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. அதற்குப் பிறகு கவேஹி மண்வெட்டியைத் தொடவில்லை.

சனிக்கிழமை கதவு ஜன்னலெல்லாம் சாத்தி வைத்தாள். புழுக்கம் தாங்கவில்லை. மடியில் பிள்ளையைப் போட்டு, குடிக்க மறுக்கிற வாயில் முலைக்காம்பை வைத்து வைத்து அலுத்து, உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள். வாசல் பக்கம் ஏதோ உரசியது. துணி உரசுகிற மாதிரி. யாரோ வந்து நின்று, கூப்பிடட்டும் என்று காத்திருக்கிற மாதிரி.

"ஹெலே மாய்!" என்றாள் அரைத்தூக்கத்தில். "வாங்க, சாப்பிடலாம்!"

சொன்ன பிறகுதான் விழித்தாள்.

எழுந்து போய் ஜன்னல் துணியை விலக்கினாள். முற்றத்தில் கனோயேயின் வண்டி இல்லை. கொடிக்கு அடியில் செடி இல்லை. மண்ணில் ஓடிய கோடு துணிக்கொடியைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, நேராக வாசற்படிக்கு வந்திருந்தது. முதல் படியின் ஓரத்தில் மூன்று மஞ்சள் பூ, மூன்றும் கதவைப் பார்த்தபடி.

அன்று மாலைக்குள் அவள் மார்பில் பால் வற்றிவிட்டது. பிழிந்து பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை.

ஞாயிறு காலை படியோரத்தில் எதுவும் இல்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், போய்விட்டது என்று நினைத்தாள். பிறகு சத்தம் கேட்டது. வீடு ஆளுயரக் கட்டைத் தூண்களின் மேல் நிற்கிற வீடு. அடியில் பழைய வலைகளும் ஓடாத துணி துவைக்கும் மெஷினும் கிடக்கின்றன. நாலு பக்கமும் பலகை அடித்த இடம். காற்று நுழையாது.

டிக்.

காலுக்கு அடியில்.

டிக். டிக்.

நைனோவாவைப் போனில் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. கனோயேயைக் கூப்பிட்டாள்.

"அக்கா, வாங்க. உடனே வாங்க."

"என்னடி ஆச்சு?"

"பிள்ளையை நீங்களே கொண்டுபோங்க. தர்றேன். நெஜமாத் தர்றேன். சீக்கிரம் வாங்க."

மறுமுனையில் படகு மோட்டார் நின்றது. "அழாதடி," என்றாள் கனோயே, எப்போதும் இல்லாத மென்மையான குரலில். "படகுல இருக்கேன். கரைக்கு வந்து அப்படியே வர்றேன். மதியத்துக்குள்ள."

கவேஹி பையில் குழந்தையின் துணிகளை அடுக்கினாள். கனோயேயின் வீடு கடலோரத்தில், சிமென்ட் தரை போட்டது. அங்கே எதுவும் வர முடியாது. வருத்தப்பட அப்புறம் நேரம் இருக்கிறது. டிக் சத்தம் கூடத்திலிருந்து நடைக்குப் போனது. நடையிலிருந்து பின்னறைக்கு. பிறகு நின்றது. பின்னறையில்தான் தொட்டில்.

ஓடினாள்.

மாலியே மல்லாந்து கிடந்தாள். கழுத்துவரை போர்வை. கன்னம் பளபளவென்றிருந்தது. போர்வை, வயிற்றுக்கு மேலே, லேசாக ஏறி இறங்கியது. மூச்சின் தாளத்தில் அல்ல. அதைவிட மெதுவாக.

"வாடி கண்ணு, போலாம்," என்று தூக்கினாள்.

வரவில்லை. எதுவோ பிடித்து வைத்திருந்தது.

போர்வையை விலக்கினாள்.

தரைப்பலகையின் இடுக்கு வழியாக, தொட்டிலின் கம்பிகள் வழியாக, மெத்தையைத் துளைத்துக்கொண்டு ஏறி வந்திருந்தது தண்டு. விரல் கனம். பச்சை. மேலெல்லாம் சுணைமுள். குழந்தையின் இடுப்பை ஒரு சுற்றுச் சுற்றி, தொப்புளில் போய் முடிந்தது. ரத்தம் இல்லை. காயம் இல்லை. அங்கேயே முளைத்தது போல் தோலும் பட்டையும் ஒன்றாக இருந்தன. தொட்டாள். சூடு. உள்ளே ஏதோ மெல்ல ஓடியது. குழந்தையின் பக்கமாக.

நைனோவாவின் செடி வெட்டும் கத்தரி கதவுக்குப் பின்னால் தொங்கியது. யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வெட்டியிருக்க மாட்டாள். ஒரே அழுத்து.

வெட்டிய முனையிலிருந்து வெள்ளையாகப் பீறிட்டது. அவள் கை நனைந்தது, சட்டை நனைந்தது. வெதுவெதுப்பாக. அந்த வாசனை அவளுக்குத் தெரியும். மூன்று மாதமாக அவள் சட்டைகளில் எல்லாம் ஊறியிருந்த வாசனை.

அவள் பால்.

மாலியே வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. உதடு வெளுத்தது. பிறகு நீலம். கைகள் இரண்டும் விரிந்து, விரல்கள் விறைத்து, கண் மேலே சொருகியது.

"இல்ல, இல்ல, இல்ல!" வெட்டிய இரண்டு முனைகளையும் எடுத்துச் சேர்த்தாள். முள் உள்ளங்கையில் இறங்கியது. பொருட்படுத்தாமல் விரல்களால் இறுக்கிப் பிடித்தாள். வழிந்த பால் நின்றது. உள்ளே மறுபடி ஓடத் தொடங்கியது. மெல்ல. மெல்ல. உதட்டில் ரத்தம் ஏறியது. குழந்தை மூச்சிழுத்தது.

பிடியைத் தளர்த்திப் பார்த்தாள். உதடு வெளுத்தது. இறுக்கினாள்.

அப்போதுதான் வாசலில் வண்டி வந்து நின்றது.

"கவேஹி!" கனோயேயின் குரல், வாசல் கம்பத்தருகிலிருந்து. "வந்துட்டேன்!"

கவேஹி வாயைத் திறந்தாள்.

கனோயே உள்ளே வருவாள். பார்ப்பாள். கையில் அந்த நீளக் கத்தி இருக்கும். முதலில் வெட்டிவிட்டு அப்புறம்தான் பேசுவாள். மகளைத் தன் பக்கம் இழுப்பாள்.

இழுபறி.

வாயை மூடிக்கொண்டாள்.

"கவேஹி! கூப்பிட்டுட்டு எங்கடி போன?" காற்று. தகரத்தில் ஆணி. "உள்ள இருக்கன்னு தெரியுது. வான்னு ஒரு வார்த்தை சொல்லேன்!"

கண்ணீர் தாடையில் வழிந்து குழந்தையின் வயிற்றில் சொட்டியது. துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் தண்டில்.

வாசலில் கனோயே வெகுநேரம் நின்றாள். பிறகு குரல் உடைந்து வந்தது. "மனசு மாறிட்டியா? மாறட்டும். அதுக்கு இப்படி ஆசை காட்டி வரவச்சு வாசல்ல நிக்க வைப்பியா? நாய்கூட இதைச் செய்யாது. இனிமே இந்தப் படி ஏறமாட்டேன்டி, பாத்துக்க."

வண்டிக் கதவு அறைகிற சத்தம். வண்டி தூரத் தூரப் போனது. காற்று அதையும் தின்றது.

மணி இரண்டு இருக்கும். ஜன்னல் வழியே வெயில் சாய்ந்து தொட்டிலில் விழுந்தது. குழந்தையின் தலைமாட்டில், தண்டிலிருந்து பிரிந்த கிளையின் நுனியில், இவ்வளவு நேரம் அவள் கவனிக்காத ஒரு மொட்டு இருந்தது. அது அவள் கண்ணெதிரே திருகிப் பிரிந்தது. ஒரு இதழ். இன்னொன்று. மஞ்சள். நடுத்தொண்டையில் கருஞ்சிவப்பு. குனிந்து, மாலியேயின் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

கவேஹி விரல்களை அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. முள் இறங்கிய இடங்களில் வலிகூட இல்லை. விரல் நுனியெல்லாம் பச்சையாக இருந்தது.

மாலியே பூவைப் பார்த்தாள். கூரையை இல்லை, அம்மாவுக்குப் பின்னால் இருக்கிற எதையோ இல்லை. பூவை. கன்னம் குழிந்தது. கண் சுருங்கியது. பிறந்த தொண்ணூற்று மூன்றாம் நாள், முதல் தடவையாக, வாய் நிறையச் சிரித்தாள்.

பல் முளைக்காத ஈறெல்லாம் மஞ்சள். தொண்டைக்குழி மட்டும் கருஞ்சிவப்பு.